விஸ்கி வாசனைக் கயிறு

பைப் அணைந்துவிட்டது.

காலையிலிருந்து அது பதினோராவது தடவை. பாலுசாமி சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தீப்பெட்டியைத் தேடி எடுத்தார். குச்சியைக் கிழித்து, இரண்டு கன்னமும் உள்ளே ஒட்டிக்கொள்ள உறிஞ்சினார். கொஞ்சம் புகை வந்தது, கண்ணில் நீரும் வந்தது. புகை நின்றது. நீர் நிற்கவில்லை.

கதவோரம் கைத்துண்டோடு நின்ற பட்லர் சகாயத்தின் முகத்தில் எதுவும் அசையவில்லை. தொட்டியில் வாய் வைக்கிற எருமைகூட இதைவிட நாசூக்காக உறிஞ்சும் என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டான். பட்லர் வேலையில் பாதி, மனசுக்குள் சொல்லிக்கொள்வதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆவணி மாசம். கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பைக்காரா மின்சாரத்தில் விசிறி சுழலும் பங்களாக்களில் பாலுசாமியுடையதும் ஒன்று. அவருடைய தகப்பனார் அன்னூர்ப் பக்கம் புகையிலைத் தோட்டக்காரர். வேட்டிக்கு மேல் துண்டு போட்டே ஆயுசைக் கழித்த மனுஷர். அவர் கண்ணை மூடியதும் மகன் மில்லில் பங்கு வாங்கினார், பங்களா கட்டினார், மெஷின் பார்த்து வருகிறேன் என்று மூன்று மாசம் சீமைக்குக் கப்பல் ஏறினார். மெஷின் பார்த்தது இரண்டு நாள். மிச்ச நாளில் கழுத்துப் பட்டை கட்டவும், பேச்சுக்குப் பேச்சு 'ஐ ஸே' என்று சொல்லவும், பைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டு இரண்டு மாசத்துக்கு முன்தான் திரும்பினார். கழுத்துப் பட்டை மட்டும் உருப்படியாக வந்தது.

வந்த வாரமே வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, இனிமேல் தன்னை யாரும் தோட்டத்து முதலாளியை அழைப்பதுபோலப் 'பண்ணாடி' என்று அழைக்கக் கூடாது, 'மாஸ்டர்' என்று அழைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தோட்டக்காரக் கிழவன் அன்று முழுவதும் அவரை 'மாஸ்டர் பண்ணாடிங்க' என்று அழைத்தான்.

சகாயம் இந்தப் பங்களாவுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் வால்பாறை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்தவன். துரை ஊருக்குத் திரும்பியதும் மலையிலிருந்து இறங்கிவந்து இந்தக் கருப்பு துரையிடம் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அசல் எது, நகல் எது என்று தனக்குத் தெரியும் என்பதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு.

பாலுசாமி பிடித்தது சாதாரணப் பைப் புகையிலை அல்ல. கயிற்றுப் புகையிலை. இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக முறுக்கி, கட்டைவிரல் கனத்துக்குக் கயிறாகத் திரித்து, விஸ்கியில் ஊறவைத்துச் சுருட்டி டப்பாவுக்குள் அடைத்திருந்தது. கிணற்றில் ஊறிக் கிடந்த வடக்கயிறு போலக் கன்னங்கரேல் என்று இருக்கும். டப்பாவின் மூடியில் கிளைக்கொம்பு மான் தலை. திறந்தால் ஹால் முழுக்கச் சாராயக்கடையில் கண்ணாடிப் பாட்டில் உடைந்த வாசனை. ஒப்பணக்காரத் தெருவில் சீமைச் சாமான் கடை வைத்திருந்த சுந்தரராஜுலு, ஸ்காட்லாந்திலிருந்து நேரே கப்பலில் தருவித்தது என்று சொல்லி ஒரு டஜன் டப்பாக்களைப் பாலுசாமியின் தலையில் கட்டியிருந்தான். இது ரொம்பக் காட்டமான சரக்கு, எல்லோராலும் பிடிக்க முடியாது, பெரிய மனுஷர்களுக்குத்தான் சரிப்படும் என்றும் சொல்லியிருந்தான். கடைசி வார்த்தைதான் விலை போயிற்று.

மலையில் இருந்தபோது சகாயம் இந்த மாதிரிக் கயிற்றை ஆயிரம் தடவை நறுக்கியிருக்கிறான். காலணாக் காசுபோல வட்ட வட்டமாக மெல்லிசாகச் சீவ வேண்டும். கால் மணி நேரம் காற்றாட விட வேண்டும். பிறகு உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்து அடைக்க வேண்டும். அதையேதான் இங்கேயும் செய்தான். மலையில் துரை ஒரு குச்சி கிழித்தால் முக்கால் மணி நேரம் புகை போகும். இங்கே ஒரு பைப்புக்கு ஏழெட்டுக் குச்சி. புகையிலையைப் பற்றி சகாயத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வாய் சரியில்லை, அவ்வளவுதான் என்று தீர்த்துவிட்டான். வண்டிமாட்டுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

காலியான தீப்பெட்டிகளை எறிய மனசில்லாமல் பான்ட்ரி அலமாரியில் சேர்த்துவைத்தான். ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் கிராம்பு, ஒன்றில் சட்டைப் பொத்தான். அதற்கு மேல் போடச் சாமான் இல்லை. பெட்டிகள் மட்டும் அடுக்கடுக்காக உயர்ந்துகொண்டே போயின.

பாலுசாமியின் மனைவி ராசாத்தாளும் புகையிலைக்காரிதான். ஆனால் அவள் வெற்றிலையோடு மெல்லுகிறவள். அன்னூரில் அவளுடைய பிறந்த வீடும் புகையிலைத் தோட்டம். இப்போதும் மாசத்துக்கு இரண்டு தடவை வண்டி கட்டிப் போய் மாமனார் விட்டுப்போன தோட்டத்தைப் பார்த்துவருவது அவள்தான். சீமையிலிருந்து திரும்பிய புருஷன், புகையிலை மெல்லுவது நாட்டுப்புறத்து அசிங்கம் என்றும், அவள் வெற்றிலைப் பெட்டி இனி முன்ஹாலுக்கு வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சகாயத்தைப் பார்த்து, "நான் மென்னா அசிங்கம், அவரு கொளுத்திப் புகையா உட்டா நாகரிகமாமப்பா" என்று மட்டும் சொன்னாள்.

இப்படியே நாள் போயிருக்கும். கிரேக் துரை வராமல் இருந்திருந்தால்.

கிரேக் துரை ஸ்காட்லாந்துக்காரர். ஊரில் ஒரு நூல் மில்லுக்குத் தலைமை எஞ்சினியர். பாலுசாமிக்கு அவரால் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் அங்கத்தினர் ஆக வேண்டும். அதற்கு துரையின் சிபாரிசு வேண்டும். ஒரு நாள் மில்லில் பேச்சோடு பேச்சாக துரை, தன் தாத்தா பிடித்த விஸ்கிக் கயிற்றுப் புகையிலையைப் போல உலகத்தில் வேறு கிடையாது, அதன் வாசனையைப் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆயிற்று என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். பாலுசாமி விடுவாரா? தான் அதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம் தேநீருக்கு அழைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு துரை வந்தார். செம்பட்டை மீசை, பூரான் மாதிரிப் புருவம், எண்ணெய்க் கறை போகாத விரல்கள். வெள்ளரிக்காய் ரொட்டியைத் தின்றார், இரண்டு கோப்பை தேநீர் குடித்தார். பாலுசாமி கண்ணைக் காட்டினார். சகாயம் வெள்ளித் தட்டில் மான் தலை டப்பாவையும் நறுக்கிய புகையிலையையும் கொண்டுபோய் நீட்டினான்.

துரை தன் பைப்பை எடுத்து அடைத்துப் பற்றவைத்தார். பாலுசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அணைந்தது.

துரை புருவத்தைத் தூக்கி, இன்னொரு குச்சி கிழித்தார். அணைந்தது. மூன்றாவது குச்சியும் அப்படியே. துரையின் மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி. அதில் குறை சொல்ல முடியாது. கதவோரம் நின்ற சகாயம் அப்போதுதான் டப்பாவைத் திரும்பிப் பார்த்தான். வாயில் குற்றமில்லையா? அப்படியானால்?

துரை பைப்பைத் தட்டிக் கவிழ்த்தார். டப்பாவை எடுத்து முகர்ந்தார். ஒரு வட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கைக்குட்டையில் துப்பினார். பிறகு இங்கிலீஷில், மரியாதையாகத்தான் சொன்னார்: டப்பா எங்கள் நாட்டுடையதாக இருக்கலாம், உள்ளே இருப்பது அல்ல. மலையில் சில பங்களாக்களில் இது நடந்தது உண்டு, வேலைக்காரன் அசலை எடுத்துக்கொண்டு பஜார்க் குப்பையை அடைத்துவைப்பான். இதைப் பிடிக்கிற உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையா?

கேள்வி மென்மையாகத்தான் வந்தது. அதற்குள் ஒரு கத்தி இருந்தது. தெரியவில்லை என்றால் பாலுசாமி முட்டாள். இரண்டு மாசமாகக் குப்பையைப் பிடித்துக் கண்ணீர் விட்டவர். கிளப் அதோடு போச்சு.

பாலுசாமி அரை நொடிகூட யோசிக்கவில்லை. தனக்கு இன்று காலையிலேயே சந்தேகம் வந்ததாகவும், நேற்றுவரை புகையிலை அற்புதமாக எரிந்ததாகவும், ராத்திரியோடு ராத்திரியாக எவனோ மாற்றிவிட்டதாகவும் இங்கிலீஷில் பொழிந்தார். எழுந்து சகாயத்துக்கு நேராகக் கையை நீட்டினார்.

"இவன்தான். டப்பாவைத் தொடறது இவன் ஒருத்தன். நறுக்கறதும் இவன்."

சகாயம் இங்கிலீஷ் தெரிந்தவன். நேற்றுவரை அற்புதமாக எரிந்தது என்ற பொய்யைக் கேட்டபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. முட்டாள் பட்டத்திலிருந்து தப்ப மாஸ்டருக்கு ஒரு திருடன் வேண்டும். பக்கத்தில் நின்றது அவன்.

டிரைவர் இஸ்மத் காரை எடுத்துக்கொண்டு போய், கால் மணி நேரத்தில் ஹெட் கான்ஸ்டபிள் தம்பிதுரையோடு திரும்பினான். தொந்தி முன்னால் வர, தம்பிதுரை பின்னால் வந்தார். துரையைப் பார்த்து ஒரு சல்யூட், பாலுசாமியைப் பார்த்து அரை சல்யூட். சகாயத்தின் டிரங்குப் பெட்டியை ஹாலுக்கே கொண்டுவரச் சொல்லித் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் கோட்டு. ஜெபமாலை. மலைத் துரை எழுதிக்கொடுத்த இரண்டு நற்சாட்சிப் பத்திரங்கள். அடியில் ஒரு கடுகு டப்பா. தம்பிதுரை அதைத் திறந்தார். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கருப்புக் கயிறு.

தம்பிதுரை அதை இரண்டு விரலால் தூக்கி துரையிடம் நீட்டினார்.

துரை அதை வாங்கி முகர்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, இதுதான் அசல் என்றார்.

பாலுசாமிக்கே ஆச்சரியம். போகிற போக்கில் எறிந்த கல்லில் நிஜமாகவே மாங்காய் விழுந்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மிச்சத்தை எங்கடா வித்தே?"

"மாஸ்டருங்க, இது மலைத் துரை நான் கீழே இறங்கி வாரப்போ குடுத்ததுங்க. வருஷம் எட்டாச்சு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரே ஒரு வட்டு நறுக்கிப் பிடிப்பேனுங்க. தொட்டுப் பாருங்க, வெறகு மாதிரிக் காஞ்சிருக்குது. உங்க டப்பாவுல இருக்கறது ஈரமுங்க."

"திருடின சாமானைக் காயவெச்சிருப்பே" என்றார் தம்பிதுரை. போலீஸ் மூளை அதற்கு மேல் கஷ்டப்பட விரும்பவில்லை.

சகாயம் வாசலுக்கு அப்பால் ரோட்டைப் பார்த்தான். இந்த ரோட்டில் கையில் விலங்கோடு நூறு அடி நடந்தால் போதும், இதற்கு மேல் எந்தப் பங்களாவும் அவனுக்குக் கதவு திறக்காது. நாளைக் காலையில் புலியகுளத்து வேதக்கோயிலில் பூசைக்கு முன் அவன் பெயர்தான் அடிபடும். மனைவி கிருபாவதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவாள். இருபத்தாறு வருஷம் ஒரு ஸ்பூன்கூடக் குறைந்ததில்லை என்று மார்தட்டிய மனுஷனுக்குத் திருட்டுப் பட்டம், அதுவும் புகையிலைத் திருட்டு.

தம்பிதுரை இடுப்பில் விலங்கைத் தேடினார்.

"ஏனுங்க, அதை ரெண்டையும் இங்க குடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ராசாத்தாள் நின்றாள். விருந்தாளி இருக்கும்போது அவள் முன்ஹாலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் சாம்பிராணிக் கரண்டி, அதில் அடுப்பிலிருந்து அள்ளிய கங்கு செக்கச்செவேல் என்று இருந்தது.

பாலுசாமிக்குக் காது சிவந்தது. "உள்ள போ அம்மணி. இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"போயிலைச் சமாச்சாரமுன்னா அது என்னோட சமாச்சாரமுங்க" என்றாள் ராசாத்தாள்.

கிரேக் துரை பதினைந்து வருஷமாக மில் தொழிலாளிகளோடு மல்லுக்கு நின்றவர். தமிழ் அவர்களிடம் கற்றது. சின்னச் சிரிப்போடு இரண்டு துண்டையும் எடுத்து நீட்டி, "பாருங்க அம்மணி" என்றார். துரையே கொடுத்த பிறகு பாலுசாமி என்ன சொல்ல முடியும்?

ராசாத்தாள் மான் தலை டப்பாக் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துக் கடைவாயில் ஒதுக்கினாள். கண்ணை மூடி மென்றாள். தட்டான் பொன்னை உரசிப் பார்க்கும் நிதானம் அது. பிறகு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"விஸ்கியுமில்ல ஒண்ணுமில்லைங்க. கருப்பட்டித் தண்ணியில நாட்டுச் சாராயத்தை ஊத்தி ஊறவெச்சிருக்குது. அதுக்கடியில உப்பு. இது உப்புத்தண்ணி பாஞ்ச போயிலைங்க. மெல்லறதுக்கு இதைமாதிரி வராது, சுள்ளுன்னு ஏறும். ஆனா நெருப்புல வெச்சா எரியாது. சுருட்டுக்குன்னா நல்லதண்ணிக் கெணத்துப் போயிலைதான் எடுப்பாங்க. எங்கூருல மாடு மேய்க்கறவனுக்கும் இது தெரியும்."

இரண்டு கயிற்றிலிருந்தும் ஒவ்வொரு வட்டு நறுக்கிக் கங்கின்மேல் வைத்தாள். சகாயத்தின் எட்டு வருஷத்துத் துண்டு ஓரத்தில் சிவந்து, மெல்ல மெல்லப் புகைந்து, விபூதி மாதிரி வெள்ளைச் சாம்பலாக நின்றது. ஹாலில் நிஜமான விஸ்கி வாசனை பரவியது. பக்கத்தில் இருந்த வட்டு 'சிர்' என்று பொரிந்தது. கருகியது. கரிக்கட்டையாகச் சுருங்கி அப்படியே கிடந்தது.

"இன்னொண்ணும் சொல்றேனுங்க. இந்தக் காரம் நம்ம தோட்டத்துக் கெழக்குக் கெணத்துது. மாசியில வண்டி வண்டியா ஏத்திக்கிட்டுப் போனது ஆருங்க? சுந்தரராஜுலுவோட ஆளு. காயிதத்துல ஒப்பம் வெச்சது நீங்கதானுங்க."

தன் தோட்டத்துப் புகையிலையைத் தானே விற்று, அதையே கயிறாகத் திரித்துச் சீமைச் சரக்கென்று தானே வாங்கி, இரண்டு மாசம் உறிஞ்சிய மனுஷரைச் சகாயம் பார்த்தான். இந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டான்.

ஆனால் பாலுசாமி அவ்வளவு சுலபமாகச் சாய்கிற ஆள் இல்லை. முட்டாளுக்கும் சமயத்தில் ஒரு சாமர்த்தியம் வரும்.

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். "இவன் நம்ம தோட்டத்துப் போயிலையைத் திருடிக் கயிறு திரிச்சு டப்பாவுல வெச்சுப்போட்டு, அசலை எடுத்துக்கிட்டான். ஒண்ணுக்கு ரெண்டு திருட்டு. ஏட்டய்யா, எழுதிக்குங்க."

தம்பிதுரை எழுதினார். விலங்கு வெளியே வந்தது.

நேற்றுவரை எரிந்தது. எல்லாம் அந்த ஒரு பொய்யில்தான் நின்றது. சகாயம் கண்ணை மூடினான். நேற்று எரிந்ததா? முந்தாநாள்? முதல் டப்பா உடைத்த அன்று? காதுக்குள் குச்சி கிழிக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. மலையில் பதினெட்டு வருஷம் நறுக்கிய கை இது. ஒரு வட்டைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. எஜமானுக்கு உறிஞ்சத் தெரியவில்லை என்று நினைப்பது அத்தனை இனிப்பாக இருந்தது.

"ஏட்டய்யா, ஒரு நிமிஷமுங்க. துரைக்கு ஒரு சாமான் பரிமாற வேண்டியது பாக்கி இருக்குதுங்க."

தம்பிதுரை வாயைத் திறப்பதற்குள் துரை தலையசைத்தார். சகாயம் பான்ட்ரிக்குப் போனான். கைத்துண்டை மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டு, பெரிய வெள்ளித் தட்டை இரண்டு கையாலும் ஏந்தித் திரும்பி வந்தான். விருந்துக்குக் கோழி வறுவல் கொண்டுவருவதுபோல மேஜை நடுவில் வைத்து, மூடியிருந்த துணியை எடுத்தான்.

தீப்பெட்டிகள். காலித் தீப்பெட்டிகள். தட்டு கொள்ளாமல் இரண்டு உருண்டு பாலுசாமியின் காலடியில் விழுந்தன.

"அம்பத்து மூணுங்க. ஏலக்காய், கிராம்பு, பொத்தான் போட்டுவெச்சது தனி. மாஸ்டர் பைப் பிடிக்க ஆரம்பிச்ச நாளிலிருந்து சேர்த்ததுங்க. நேத்துவரைக்கும் நல்லா எரிஞ்சுதுன்னா இத்தனை பெட்டி எதுக்குங்க?"

"இது... வீட்டுக்கு வாங்கினது. அடுப்புக்கு, விளக்குக்கு."

"வெளக்கு கரண்டுலதானுங்க எரியுது" என்றாள் ராசாத்தாள். "அடுப்புல ராத்திரிக் கங்கைச் சாம்பல்ல பொதைச்சுவெச்சுக் காலையில ஊதிக்கறேன். எனக்கு வருஷத்துக்கு ரெண்டு பெட்டி போதும். நீங்க கிழிக்கிற சத்தம் பின்கட்டுவரைக்கும் கேக்குமுங்க. மொதல் நாள் ஒம்பது. நான் பல்லி கத்துதோன்னு நெனைச்சேன்."

துரை மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டார். பிறகு, திறக்காத டப்பா ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பாலுசாமியின் இரும்புப் பீரோவில் மூன்று டப்பா. சகாயத்தின் கை அங்கே போக முடியாது. ஒரே சாவி.

"சாவி எங்கயோ வெச்சுட்டேன்" என்றார் பாலுசாமி. குரல் தேய்ந்திருந்தது. "தேடணும்."

"ஏனுங்க, உங்க வவுத்து மேலதானுங்க தொங்குது."

கோட்டுக்கு முன்னால் கடிகாரச் சங்கிலியில் சாவி பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. துரை பார்த்தார். தம்பிதுரை பார்த்தார். பாலுசாமி குனிந்து தானும் பார்த்தார். கடைசியில் எழுந்து போய், பீரோவைத் திறந்து, ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். ஈயப் பற்றவைப்பு உடையாமல் இருந்தது. துரையே பேனாக்கத்தியால் அதைத் திறந்தார். ராசாத்தாள் ஒரு வட்டு நறுக்கிக் கங்கில் வைத்தாள்.

'சிர்' என்றது. கருகியது. நின்றது.

தம்பிதுரை விலங்கைச் சத்தமில்லாமல் இடுப்பில் மாட்டிக்கொண்டார். எழுதிய காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் சொருகிவிட்டு, ஒப்பணக்காரத் தெரு சுந்தரராஜுலுமேல் புகார் எழுதலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் பாலுசாமி அவசரமாக. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். ஊருக்குத் தெரிய வேண்டாம்."

அதாவது சுந்தரராஜுலு சௌக்கியமாக இருப்பான். இந்த ரோட்டில் இன்னும் எத்தனை பெரிய மனுஷர்கள் அன்னூர்க் கிணற்று உப்பை உறிஞ்சிக் கண்ணீர் விடுகிறார்களோ, அவர்களும் சௌக்கியமாக இருப்பார்கள். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த வியாபாரம் நடப்பதே அதில்தான்.

பாலுசாமி சகாயத்தின் பக்கம் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "மிஸ்டேக்" என்றார்.

"கடியாரத்துக்கு இங்கிலீஷ் புரியாதுங்க" என்றாள் ராசாத்தாள். "சகாயத்தைப் பாத்துச் சொல்லுங்க. ஏட்டய்யா காதுல உழுகற மாதிரி."

சொன்னார். சகாயம் திருடன் இல்லை, தான் சொன்னது தப்பு என்று தமிழில், முழு வாக்கியமாக. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில்.

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வாசல்படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"ஏனுங்க சகாயம். அந்தப் பழைய துண்டுல எனக்கு ஒரே ஒரு வட்டு தருவீங்களா?"

சகாயம் கத்தியை எடுத்தான். எட்டுக் கிறிஸ்துமஸ் தாண்டி வந்த துண்டில் ஒரு வட்டைச் சீவினான். உள்ளங்கையில் தேய்த்துக் கொடுத்தான். துரை அடைத்தார். ஒரு குச்சி கிழித்தார். போர்ட்டிகோத் தூணில் சாய்ந்துகொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கடைசிவரை பிடித்தார். இரண்டாவது குச்சி தேவைப்படவில்லை. ஹாலுக்குள்ளிருந்து பாலுசாமி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் சகாயம் டிரங்குப் பெட்டியைக் கட்டினான். மாஸ்டர் இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ராசாத்தாள் மட்டும் கேட்டாள், எங்கப்பா போறே என்று. புலியகுளத்துக்குப் போய் நாலு நாள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்றான். அவள் தடுக்கவில்லை. புருஷனை உட்காரவைத்து எழுதி வாங்கிய நற்சாட்சிப் பத்திரத்தைக் கொடுத்தாள். பாலுசாமியின் சொந்த இங்கிலீஷ். மூன்று வரியில் ஐந்து தப்பு. கையெழுத்து மட்டும் கப்பல் நங்கூரம் மாதிரி.

அவளுடைய வெற்றிலைப் பெட்டி இப்போது முன்ஹாலில், விசிறிக்கு நேர் கீழே இருந்தது. பக்கத்தில் கிழக்குக் கிணற்றுப் புகையிலை ஒரு கட்டு.

சகாயம் மலைத் துரையின் பத்திரங்கள் இரண்டையும் கோட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தான். மிச்சமிருந்தது நகத்தளவு கயிறு. சனிக்கிழமை அமளியில் எண்ணெய்க் காகிதம் எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது பத்திரத்தை எடுத்தான், நாலாகக் கிழித்தான், ஒரு துண்டில் கயிற்றைச் சுற்றிக் கடுகு டப்பாவுக்குள் போட்டான். கனமான நல்ல காகிதம். அதற்கு உதவும்.

பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் இறங்கியபோது மாடியிலிருந்து ஒரு சத்தம். குச்சி உரசும் சத்தம். பீரோவில் இன்னும் இரண்டு டப்பா இருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

வழக்க தோஷத்தில் எண்ணினான். கேட்டைத் தாண்டுவதற்குள் நாலு.